குண்டூசி என்று கூப்பிட்ட ஆள்

எங்கள் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், அறுவைக் கருவிகளைக் கழுவி நீராவியில் கிருமி நீக்கும் பிரிவு இருக்கிறது. அதன் மேற்பார்வையாளர் ஓர் அக்கா. ஐம்பத்து மூன்று வயது. பெட்டியில் ஒட்டிய டேப்பில், சூடு பட்டதைக் காட்டும் கோடு கறுத்துவிட்டால் போதும் என்று நாங்கள் மேலே அனுப்பப் பார்ப்போம். அக்காவுக்கு அது போதாது. இயந்திரத்துக்குள் வைத்த சோதனைத் தாளைப் பார்ப்பார், யார் ஏற்றியது என்று கேட்பார், பதில் சொன்னவரின் முகத்தையும் ஒருமுறை பார்ப்பார். வீட்டில் பால் பாக்கெட்டின் தேதியை இரண்டு தடவை படிப்பார் என்று அவர் கணவரே சொல்லிச் சிரிப்பார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இந்தத் தொழிலில் இருப்பவர்களின் மாநாட்டுக்கு அவரை அனுப்பினார்கள். இரண்டு நாள், ஒரு ஹோட்டலின் பெரிய கூடத்தில். தேநீர் இடைவேளையில், கழுத்தில் பேர் அட்டையோடு சுவரோரம் நின்றவரிடம் ஒல்லியான ஒருவர் வந்தார். நீராவி இயந்திரம் செய்யும் கம்பெனியின் ஆள். அட்டையை உற்றுப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உங்களை வீட்டுல குண்டூசின்னு கூப்பிடுவாங்களா?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பேர் தெரிந்தவர்கள் அப்பா, அம்மா, அண்ணன் மூவர்தான். அப்பாவும் அம்மாவும் இப்போது உயிரோடு இல்லை. கணவருக்கே அந்தப் பேர் தெரியாது.

"யார் சொன்னது?"

"நீங்க தண்ணி சுத்திகரிப்பு நிலையத்து குவார்ட்டர்ஸ்தானே? நானும் அந்த ஊருதான்."

எங்கள் ஆஸ்பத்திரி அப்போது இரண்டு புது இயந்திரங்கள் வாங்க இருந்தது. வாங்கும் குழுவில் அக்காவும் ஒருவர். ஊர்ப்பாசம் காட்டி ஒட்டிக்கொள்ள வந்திருக்கிறான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

"வாசல்ல ஒரு கிணறு இருந்துச்சே, மூடிட்டாங்களா?" என்று தூண்டில் போட்டார். அங்கே கிணறே கிடையாது.

"கிணறா? நாங்க இருந்தப்ப இல்லையே. குழாய்தான், அதுவும் பின்பக்கம்."

சரியான பதில். அதனாலேயே சந்தேகம் கூடியது. இவ்வளவு விசாரித்து வைத்திருக்கிறான் என்றால் லேசுப்பட்டவன் இல்லை. ஓரமாகப் போய் அண்ணனுக்குப் போன் போட்டார்.

"அண்ணா, என் செல்லப்பேரை யார்கிட்டயாவது உளறினியா?"

விஷயத்தைக் கேட்ட அண்ணன் சிரிக்கவில்லை. "அந்த ஊர் ஆளா? அவன்கிட்ட பேச்சு வச்சுக்காத. வந்த வேலையைப் பாரு."

கம்பெனி ஆள்மேல் மட்டும் இருந்த சந்தேகம் இப்போது அண்ணன் பக்கமும் திரும்பியது. மதியச் சாப்பாட்டுக்கு அந்த ஆளின் எதிரிலேயே போய் உட்கார்ந்தார்.

"எப்படித் தெரியும்னு சொல்லுங்க. சுத்தி வளைக்காம."

"நீங்க காலி பண்ணின வீட்டுக்குத்தான் நாங்க குடிவந்தோம். அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் பென்சில்ல உயரம் குறிச்சு, உங்க பேரும் பக்கத்துல குண்டூசின்னும் எழுதியிருந்துச்சு. நானும் பக்கத்துல என் உயரத்தைக் குறிச்சேன். உங்களை எட்டிப் பிடிக்க ரெண்டு வருஷம் ஆச்சு மேடம். அட்டையில இருக்கிற உங்க பேரு வேற யாருக்கும் இருந்து நான் பார்த்ததில்ல."

அந்தக் கோடுகள் அக்காவுக்கு நினைவிருந்தன. கொஞ்சம் இளகினார். "அப்பாவுக்கு மாற்றல் வந்துச்சு. ரெண்டே நாள்ல கிளம்பிட்டோம்."

அந்த ஆள் கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தார். "மாற்றலா?"

"வேற என்ன?"

அவர் இழுத்தார், மழுப்பினார். அக்கா விடுவதாக இல்லை. கடைசியில் சொன்னார். அக்காவின் அப்பா அந்த நிலையத்தில் தண்ணீரைப் பரிசோதித்தவர். அந்த வருஷம் ஊரில் பாதித் தெருக்களில் மஞ்சள்காமாலை. பதிவேட்டைப் புரட்டினால், தினமும் தண்ணீர் சுத்தம் என்று அவர் கையெழுத்து. ஆனால் பரிசோதிக்கும் மருந்து தீர்ந்தே மூன்று மாதமாகியிருந்தது. வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த இடத்துக்கு வந்தவர் இந்த ஆளின் அப்பா.

அக்காவுக்கு அப்போது பதினொரு வயது. புது ஊரில் அப்பா துணிக்கடையில் வேலைக்கு நின்றார். மாற்றலாகி வந்த மனிதர் ஏன் துணிக்கடையில் நிற்கிறார் என்று அக்கா நாற்பது வருஷமாகக் கேட்டதே இல்லை.

"மருந்து இல்லைன்னு எழுதியிருக்கலாமே!" குரல் உயர்ந்து, பக்கத்து மேஜை திரும்பிப் பார்த்தது.

"எங்கப்பாவும் அதையேதான் சொல்வார். ஆனா அவர் காலத்துலயும் மருந்து ஒழுங்கா வரல. அப்ப அவர் என்ன எழுதினார்னு நான் கேட்டதில்ல மேடம்."

மாலையில் போனில் அண்ணனைப் பிடித்தார். "உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். நீ அப்பா செல்லம். சொல்ல வேணாம்னு அம்மாதான் வாயை அடைச்சாங்க."

அக்கா போனை வைத்துவிட்டார். அண்ணனோடு மறுபடி பேச மூன்று மாதம் ஆனது.

இதற்கிடையில் அந்தக் கம்பெனியின் விலைப்பட்டியல் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது. அடியில் அந்த ஆளின் கையெழுத்து. இதற்குத்தான் அத்தனை கதையுமா என்று அக்காவுக்கு உறுத்தியது. எல்லாம் கட்டுக்கதையாகவே இருந்துவிடக் கூடாதா என்று ஆசையும் பட்டார். அண்ணனே ஒப்புக்கொண்டபின் அதற்கும் வழியில்லை. அந்த ஆள் தனக்குத் தெரிந்தவர் என்று எழுதிக்கொடுத்துவிட்டுக் குழுவிலிருந்து விலகினார். இயந்திரம் வேறு கம்பெனியிலிருந்து வந்தது.

அடுத்த மாநாட்டில் அக்காவே அவரைத் தேடிப் போனார். இயந்திரத்தைப் பற்றி அந்த ஆள் மூச்சுவிடவில்லை.

"உங்கப்பா இருக்காரா?"

"இருக்கார். எண்பத்தாறு ஆச்சு. ஞாபகம் எல்லாம் தெளிவா இருக்கு."

"மருந்து இல்லாதப்ப என்ன எழுதினார்னு கேட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினார். "என்ன சொல்வாரோன்னு பயமா இருக்கு."

"எனக்குக் கேக்க ஆள் இல்ல. உங்களுக்கு இருக்கார். கேளுங்க."

அவர் சரி என்றார். அந்தச் சரியை அக்கா இன்றுவரை நம்பவில்லை.