கெய்க் சிம்முக்காக ஒரு ஊதுபத்தி

கெய்க் சிம் என்ற பெயரை வடிவு முதன்முதலில் கேட்டது, பினாங்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வருசத்து நவராத்திரியில். எதிர்வீட்டுச் சீன அம்மா மேலும் கீழும் வெள்ளை உடுத்தி, தலையிலும் வெள்ளைத் துணி கட்டி வீட்டுக்குள் போனாள். ஐயோ பாவம் என்று வடிவு துக்கம் விசாரிக்கப் போனால், கதவைத் திறந்தவரே புருஷன்காரர். "கெய்க் சிம், நான் செத்துட்டேனாம். வந்து பாரு" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

ஒன்பது பேரரசர் சாமிக்கு விரதம் அது. நமக்கு நவராத்திரி தொடங்கும்போதே அவர்களுக்கும் தொடங்கிவிடும். அந்த நாட்களில் வடிவு வீட்டுச் சட்டியை மோந்து பார்த்து, வெங்காயம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கெய்க் சிம் உட்காருவாள். சுண்டலைக் குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்பாள். கொலுவில் தொப்பைச் சீனப் பொம்மையைத் தேடி, "எங்க ஆளு மட்டும் கீழ்ப்படியா? மேல ஏத்து" என்பாள்.

தன் மகன் கைக்குழந்தையாய்க் காய்ச்சலில் கிடந்தபோது கெய்க் சிம் வைத்த வேண்டுதல் ஒன்று உண்டு. ஒன்பதாம் நாள் சாமி கடலுக்குப் போகையில், உயிருள்ளவரை தெருவோரம் ஊதுபத்தியோடு நிற்பதாக. ஒரு வருசமும் தவறியதில்லை.

போன மாதம் அவள் புருஷன் நிஜமாகவே போய்விட்டார். துக்க வீட்டார் நூறு நாள் சாமி முன்னால் வரக்கூடாது. மகனுக்கும் அதே கட்டு. அடுத்தவர் வீட்டுப் படியும் ஏறக்கூடாதென்று, கெய்க் சிம் சாக்கடைக்கு அந்தப் பக்கமே நின்று கேட்டாள்.

"எனக்காக நீ நிக்கிறியா, வடிவு?"

வடிவு தாலியைத் தொட்டுக்கொண்டாள். தெருவே வெள்ளையில் நிற்கும். புருஷன் இருக்கையில் எப்படி வெள்ளை கட்டுவது? கெய்க் சிம் அவள் முகத்தையே பார்த்தாள்.

"வெள்ள வேணாம். மஞ்ச கட்டிக்க. சாமியோட கொடியும் மஞ்சதான்."

"எனக்கு உங்க பாஷை வராதே, அக்கா. என்னன்னு சொல்லுவேன்?"

"என் பேரச் சொல்லு. போதும். இத்தன வருசமா என் புலம்பலக் கேட்டவருக்கு, பேரு சொன்னா ஆளு தெரியும்."

ஒன்பதாம் நாள் ஊர்வல மேளம் தெருமுனையில் திரும்பிவிட்டது. வெள்ளைக் கூட்டத்துக்கு நடுவே மஞ்சள் புடவையில் நிற்கும் வடிவு, பத்தியைத் தலைக்குமேல் தூக்கி அந்தப் பெயரைச் சொல்கிறாள். கெய்க் சிம் எதிர்வீட்டில், மூடிய கதவுக்குப் பின்னால், வெறுங்கையைக் கூப்பி நிற்கிறாள்.