ஜீவனாம்சக் கட்டும் கைக்குழந்தையும்

வக்கீல் குமாஸ்தா என்றால் கேஸ் கட்டுத் தூக்குகிறவன் என்றுதான் ஊரில் நினைப்பு. ஜீவனாம்ச வழக்கு நடத்தும் வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தால் கட்டோடு பிள்ளையையும் தூக்க வேண்டும். எங்கள் வக்கீலுக்கு மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுப் பக்கம் ஆபீஸ். எனக்கு வீடு சாந்தோம். யுத்த காலத்திலும் அதற்குப் பிறகும், புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்துபோய், பிள்ளைக்கு யார் சோறு போடுவது, பிள்ளை யாரிடம் இருப்பது என்று வருகிற வழக்குகள்தான் எங்களுக்கு அதிகம். வக்கீல் வாதம் செய்வார், மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார். அழுகிறவர்கள் மட்டும் குமாஸ்தாவிடம்தான் வருவார்கள். அடுத்த வீட்டுக் குடும்பத்தைச் சம்பளத்துக்குச் சுமந்த என் சக குமாஸ்தாக்களுக்கு இதெல்லாம் புதிதாக இராது.

குதிரைக்குப் போட்ட சத்தம்

கன்னியம்மா என்ற பெண் சைதாப்பேட்டைக் கோர்ட்டில் கூண்டேறும்போது, பத்து மாதக் கைக்குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் புருஷன் ஜட்கா வண்டிக்காரன். மூன்று மாதமாக வீட்டுப் பக்கம் வரவில்லை. கேட்டால், "அது என் புள்ளையே இல்ல எஜமான், நான் அத்த கண்ணால பாத்தது கூட இல்ல" என்று கோர்ட்டில் சொல்லிவிட்டான். கன்னியம்மா கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கூட வரவில்லை.

அம்மா அழாததை ஈடுகட்டுவதுபோல் குழந்தை வீரிட்டது. தோளில் போட்டுத் தட்டினேன், ஆட்டினேன், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைத்தார். நான் வெளியே போகத் திரும்பும்போது எதிர்ப் பக்கத்திலிருந்து 'ட்ளக் ட்ளக்' என்று நாக்கைத் தட்டும் சத்தம் வந்தது. சுவிட்சை அணைத்ததுபோல் அழுகை நின்றது. குழந்தை என் தோளிலிருந்து எட்டி, சத்தம் வந்த திக்கில் இரண்டு கையையும் நீட்டிச் சிரித்தது. கோர்ட்டே வண்டிக்காரனைப் பார்த்தது. "கண்ணால் பார்த்ததே இல்லை என்றாயே?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார். வண்டிக்காரன் முகமெல்லாம் வியர்க்க, "அது குதிரைக்குப் போடற சத்தம் எஜமான், புள்ள குறுக்க வந்து கேட்டுக்கினா நான் இன்னா பண்றது?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணம் காலியான அந்தக் கோடையில் எங்கள் வக்கீலும் குடும்பத்தோடு கும்பகோணம் போய்விட்டார். ஆபீஸைப் பார்த்துக்கொள்ள நான் மட்டும். ஒரு நாள் காலையில் எங்கள் கட்சிக்காரி செல்லம்மா, ஐந்து வயசு மகளையும் ஒரு துணி மூட்டையையும் இழுத்துக்கொண்டு வந்தாள். ஆறு மாதத்துக்கு முன்புதான் அந்த மகளுக்காகக் கோர்ட்டில் மல்லுக்கு நின்றவள். பிள்ளை தாயிடம் இருக்க வேண்டும், தகப்பன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பார்க்கலாம் என்று நாங்கள் ராஜி எழுதி உத்தரவும் வாங்கியிருந்தோம்.

"கேஸு கெடக்குது சார். புள்ளைய அவருகிட்ட ஒப்படைச்சிருங்க. அவுங்க ஊரு வாலாஜா பக்கம், அங்க குண்டு உழாது. ஊட்டுக்குப் போய்ப் பாத்தேன், பூட்டிக் கீது" என்றாள். "நீ எங்கே போவாய்?" என்று கேட்டேன். "நான் எங்கனா போறேன்" என்றாள். குழந்தைக்கு விஷயம் புரியவில்லை. மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அரை மணி கழித்து அவள் புருஷன் மூச்சிரைக்க வந்து நின்றான். தச்சுவேலை செய்கிறவன், பெயர் ஏகாம்பரம். பெண்டாட்டி பிள்ளையைத் தேடி அடையாற்றங்கரையில் அவள் குடிசைக்குப் போய், அங்கே காணாமல் இங்கே ஓடி வந்திருக்கிறான். கையில் மூன்று ரயில் டிக்கெட். இரண்டு முழு டிக்கெட், ஒரு அரை டிக்கெட். செல்லம்மா அந்த டிக்கெட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஏகாம்பரம் மகளை இறக்கிவிட்டான். மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வாசல் வரை போனவன் திரும்பி வந்து என்னிடம் ரகசியமாகக் கேட்டான்: "சார், ஞாயித்துக்கெழமதான் பாக்கலாம்னு ஆர்டரு கீது. இன்னிக்கு செவ்வாக்கெழம. கோர்ட்டு கோச்சுக்குமா?"

மார்க்கெட்டில் ஒளிந்தவள்

எங்கள் உழைப்பில் ஜெயித்த ஒரு கட்சிக்காரி, தீர்ப்பான அன்று என் காலில் விழப் போனாள். இரண்டு வருஷம் கழித்து சைதாப்பேட்டை மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். கூட வந்த அவள் பையன் நன்றாக வளர்ந்திருந்தான். நான் ஆசையாகக் கையைத் தூக்கினேன்; அவள் பூசணிக்காய்க் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். என்ன கோபமோ என்று மனசு கேட்காமல் கிட்டே போய் விசாரித்தேன். எழுந்து, நிஜமான பிரியத்தோடுதான் சொன்னாள்: "நீங்க தங்கமானவரு சார், ஆனா உங்க மூஞ்சியப் பாத்தா அந்த நாளெல்லாம் நெனப்பு வருது, இனிமே என்னப் பாத்தா கண்டுக்காம பூடுங்க."

இரண்டு கார்டில் ஒரு பையன்

ரேஷன் வந்த பிறகு ஒரு புதுத் தலைவலி. பிரிந்த வீட்டுப் பிள்ளையின் பெயர் எந்தக் கார்டில்? பச்சையம்மாளின் கார்டில் மகன் பெயர் இருந்தது. அச்சாபீஸில் வேலை பார்த்த அவள் புருஷன் முனுசாமியும், தனியாக இருந்துகொண்டு, அதே பையன் பெயரைத் தன் கார்டிலும் எழுதிக்கொண்டு அரிசி வாங்கியிருக்கிறான். ரேஷன் ஆபீஸில் கண்டுபிடித்துவிட்டார்கள். கூடுதலாக வாங்கின சர்க்கார் அரிசியைத் திருப்பிக் கொடு என்று இரண்டு பேருக்கும் நோட்டீஸ். பச்சையம்மாள் எங்கள் ஆபீஸில் வந்து ஆடித் தீர்த்தாள். பிள்ளை வாய்ச் சோற்றைத் தின்றவன் என்று மனுவில் எழுதச் சொன்னாள்.

விசாரணைக்கு அவளோடு நான் போனேன். "அந்த அரிசியை என்ன செய்தாய்? விற்றாயா?" என்று ரேஷன் இன்ஸ்பெக்டர் அதட்டினார். முனுசாமி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். நாலு தரம் கேட்டபிறகு வாயைத் திறந்தான். பையனின் பள்ளிக்கூட வாசலில் இட்லிக் கடை போடும் அம்மாளிடம் வாராவாரம் அரிசியைக் கொடுத்துவிடுவானாம். அவள் தினமும் காலையில் பையனுக்கு மூன்று இட்லி கொடுக்க வேண்டும், யார் கொடுத்தது என்று சொல்லக் கூடாது. "அதுக்குத்தான் எம் புள்ள காலைல கஞ்சி வேணாம் வேணாம்ங்குதா!" என்று பச்சையம்மாள் கத்தினாள். பையனுக்கு வயிற்றில் ஏதோ கோளாறு என்று ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு வேறு இரண்டு தரம் அழைத்துப் போயிருந்தாள்.

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தாலும் சட்டம் சட்டம்தான். முனுசாமியின் பங்கிலிருந்து வாராவாரம் கொஞ்சம் அரிசியைப் பிடித்து ஈடுகட்டுவதாக எழுதினார். பேனா பாதியில் இருக்கும்போது பச்சையம்மாள் தன் கார்டையும் எடுத்து மேஜைமேல் போட்டாள். "எங்கார்டுலயும் பாதி புடிச்சிக்க சாமி, துன்னது எம் புள்ளதானே."

கடிதப் பாக்கி

எங்கள் மாதாகோயில் பங்கைச் சேர்ந்த ரோசம்மா டீச்சர் விழுப்புரத்தில் ரயில்வே வேலையில் இருந்த கணவரைப் பிரிந்து, எட்டு வயசு மகன் பிலிப்போடு சாந்தோமில் இருந்தார். பிரிந்த காரணத்தை இரண்டு பேருமே சொல்லவில்லை, நாங்களும் கிளறவில்லை. ராஜிப் பத்திரம் எழுதும்போது டீச்சர் ஒரு நிபந்தனை வைத்தார். அப்பா மாதம் ஒரு கடிதம் மகனுக்குக் கைப்பட எழுத வேண்டும். "அதுக்கெல்லாம் செக்‌ஷன் கிடையாதும்மா" என்று எங்கள் வக்கீல் சொன்னார். டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் எழுதிச் சேர்த்தோம்.

ஒன்றரை வருஷம் ஒழுங்காக நடந்தது. பிறகு பணம் மட்டும் வந்தது, கடிதம் வரவில்லை. மூன்றாம் மாதம் டீச்சர் ஆபீஸுக்கு வந்துவிட்டார். "பணம்தான் வருகிறதே" என்றேன். "பணம் வராவிட்டால் நான் டியூஷன் எடுப்பேன், சவரி அண்ணே. இவன் தினமும் தபால்காரர் பின்னாலேயே தெருமுனை வரை போய்விட்டு வருகிறான். அதற்கு நான் என்ன எடுப்பேன்?" என்றார். கடிதம் மூன்று பாக்கி என்று எங்கள் வக்கீல் நோட்டீஸ் விட்டார். அவர் வாழ்நாளிலேயே அப்படி ஒரு நோட்டீஸ் விட்டதில்லை.

பத்து நாளில் பதில் வந்தது. எழுத்து கோணிக்கொண்டு, நண்டு ஓடினதுபோல் இருந்தது. பட்டறையில் வலது கை முறிந்துவிட்டதாம். வேறு யாரையாவது எழுதச் சொன்னால் பையன் பயந்துவிடுவான் என்று, இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தாராம். டீச்சர் அதை வாங்கி இரண்டு தரம் படித்தார். மூன்றாம் தரம் படிக்கும்போது பள்ளிக்கூடக் குரல் வந்துவிட்டது: "எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை அண்ணே, கை முறிந்தால் தந்தி அடித்திருக்கலாம், முட்டாள் மனுஷன்."

இரட்டைப் பின்னல்

இது யுத்தம் முடிந்த பிறகு. பிரிந்த ஒரு தம்பதி; அம்மாள் மயிலாப்பூர் மாடவீதியில், பிறந்த வீட்டில். கணவர் தியாகராய நகரில். பெரிய உத்தியோகம், சிரித்து நான் பார்த்ததில்லை. பெண் லலிதாவுக்கு ஏழு வயசு. யாரிடம் இருப்பது என்ற வழக்கு ஐகோர்ட் வரை போய், அம்மாவிடம் வளர வேண்டும், சனி ஞாயிறு அப்பாவிடம் என்று முடிந்தது. இரண்டு பேரும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்க மாட்டார்கள். ஆகவே சனிக்கிழமை காலையில் பஸ்ஸில் கூட்டிப்போய் விடுவதும், திங்கட்கிழமை பள்ளிக்கூட நேரத்துக்கு அழைத்து வருவதும் யார் வேலை? உங்களுக்கே தெரியும்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் குழந்தை பரட்டைத் தலையோடு வரும். "கொழந்தைக்குத் தலை வாரிவிட ஒரு மனுஷாள் இல்லாத ஆத்துல என்ன இருக்கு? இன்னொரு பெட்டிஷன் போடச் சொல்றேன்" என்று அம்மாள் வாசலிலேயே ஆரம்பிப்பார். நான் இதைத் தயங்கித் தயங்கி லலிதாவின் அப்பாவிடம் சொன்னேன். அடுத்த புதன்கிழமை சாயங்காலம் ஆபீஸ் உடுப்போடு, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சாந்தோமில் என் வீட்டு வாசலில் நின்றார். "சவரிமுத்து, உம்ம ஆத்துக்காரிக்குப் பின்னத் தெரியுமோ?" என்றார்.

என் மகளை முக்காலியில் உட்கார வைத்து என் மனைவி கற்றுக்கொடுத்தாள். ஐந்து புதன்கிழமை. அவர் விரல்கள் ஃபைலில் கையெழுத்துப் போடத்தான் லாயக்கு. என் மகள் 'ஆ, ஊ' என்று கத்தி, வாரத்துக்கு ஒரு பட்டணம் பக்கோடாப் பொட்டலம் லஞ்சம் வாங்கிக்கொண்டாள். ஆறாவது திங்கட்கிழமை லலிதா இரட்டைப் பின்னல், மடித்துக் கட்டிய ரிப்பனோடு போய் இறங்கினாள்.

அம்மாள் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "யார் பின்னிவிட்டா? அந்த ஆத்துல யார் வந்திருக்கா?" என்று கேட்ட குரலில் சண்டையே இல்லை. பயம்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: முக்காலி, ஐந்து புதன்கிழமை, தலைப்பாகை. அம்மாள் குழந்தையைத் திருப்பி நிறுத்தி, பின்னலை நுனி வரைக்கும் விரலால் தடவிப் பார்த்தார். அவிழ்த்துப் பின்னுவார் என்று நினைத்தேன், அவிழ்க்கவில்லை. உள்ளே போகத் திரும்பினவர் என்னைப் பாராமலே சொன்னார்: "வகிடு கோணல்னு சொல்லுங்கோ. வகிட்டை மூக்குக்கு நேரா எடுக்கணும், அவருக்கு எப்பவும் எல்லாம் இடது பக்கமா சாஞ்சுடும்."

இத்தனை வருஷத்தில் நான் பார்த்த தம்பதிகள் எல்லாம் பிரிந்தது என்னவோ நிஜம்தான், ஆனால் பிரிந்த பிறகு அவர்கள் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டதில் பாதியளவுகூட, ஒரே கூரையின் கீழ் இருக்கும் நானும் என் மனைவியும் விசாரித்துக்கொண்டதில்லை.