அறுபது பங்குக்கு ஒரு நாள்

அலுவலகத்தில் எல்லோரும் அவளைக் கணக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வேலை என்னவோ வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுவது. ஆனால் சம்பளச் சீட்டு புரியாதவர்கள் எல்லாம் அவள் மேசைக்குத்தான் வந்து நிற்பார்கள். முக்கியமாக, கம்பெனி பங்கு தரும் அந்த ஆர்.எஸ்.யு. விவகாரம். "கம்பெனி பங்கு குடுத்துட்டாங்கக்கா!" என்று குதித்துக்கொண்டு வருபவனை உட்காரவைத்து, "குடுக்கலப்பா, குடுக்கறேன்னு சொல்லியிருக்காங்க. அந்தந்தத் தேதியில நீ வேலையில இருந்தாதான் உன்னுது. அன்னைக்கு என்ன விலையோ, அதைச் சம்பளமாக் கணக்குல எடுத்து வரியையும் பிடிச்சுடுவாங்க" என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாள்.

அவளுக்கு எழுதிக் கொடுத்தது இருநூற்று நாற்பது பங்கு. வருடத்துக்கு அறுபது வீதம் நான்கு வருடம். ஒவ்வொரு அறுபதிலும் பத்தொன்பது வரிக்குப் போய் நாற்பத்தொன்று கைக்கு வரும். இரண்டு வருடத்தது வந்து, வந்த சுவடு தெரியாமல் கரைந்தும் போயிற்று. மூன்றாவது அறுபது வியாழக்கிழமை வரவேண்டும். கணவன் தவணைக்கு வாங்கி ஓட்டும் வேன் அதை நம்பித்தான் இருந்தது. திங்கட்கிழமைக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் வேறு ஆளுக்குத் தள்ளிவிடுவேன் என்று வேனை விற்றவர் கறாராகச் சொல்லிவிட்டார். பாக்கி, அப்போதைய விலைக்கு முப்பத்தெட்டுப் பங்கு. வேனைக் கட்டிமுடித்தால் மிஞ்சுவது மூன்றே மூன்று.

புதன்கிழமை மாலை நாலரை மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். காலையிலிருந்து அந்தக் கண்ணாடி அறைக்குள் போனவர்கள் எல்லாம் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

மேனேஜர் நல்ல மனிதர். வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

"ஆள்குறைப்புக்கு அஞ்சு மணிக்குள்ள இன்னும் ஒரு பேர் குடுத்தாகணும். நீங்க, இல்லன்னா பக்கத்து மேசைக்காரங்க. அவங்க கைக்குழந்தைக்காரங்க, பங்கும் கிடையாது. உங்களுக்கு இருநூத்தி நாப்பது இருக்கே, எப்படியும் சமாளிச்சுக்குவீங்கன்னு நினைச்சேன்" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். கொட்டை எழுத்தில் 240 என்று இருந்தது.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் இந்த ஒரு ஆளை விட்டுவிட்டாளே!

"சார், அது எழுதிவச்ச எண்ணிக்கை. ரெண்டு வருஷத்தது வந்து செலவாயிடுச்சு. மீதி நூத்தி இருபது இன்னும் என்னுது இல்ல. அதுல அறுபது பங்கு நாளைக்குத்தான் வரும். இன்னைக்கு என்னை அனுப்பினா அத்தனையும் பூஜ்யம்."

மேனேஜர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "ஐயையோ. அப்போ அவங்க பேரைப் போட்டுடவா?"

மணி நாலு நாற்பத்தெட்டு. கண்ணாடிக்கு அப்பால் பக்கத்து மேசைக்காரி ஒன்றும் தெரியாமல் யாருடைய புகாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தாள். 'போடுங்க' என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் வாயையும் திறந்துவிட்டாள்.

"கடைசி நாள்ங்கிற இடத்துல என்ன தேதி போட்டிருக்கீங்க?"

"இன்னைக்குதான். சும்மா போட்டது."

"அத நாளைக்குன்னு மாத்துங்க. என் பேரே இருக்கட்டும்."

சொன்ன மறுகணமே அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது. நாலாவது அறுபதுக்கும் அத்தோடு முழுக்குப் போட்டாயிற்று. மேனேஜர் தேதியை மாற்றிப் பொத்தானை அழுத்தினார். பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நாலு ஐம்பத்தாறுக்குத்தான் பதிவானது.

வியாழக்கிழமை பங்குகள் வந்தன. பாழாய்ப்போன விலை சற்று இறங்கியிருந்ததால் வேன் பாக்கிக்கு நாற்பது பங்கு பிடித்தது. மிச்சம் ஒன்றையும் சேர்த்து அன்றே விற்றாள். வீட்டில் மூச்சுவிடவில்லை. சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மாலை கைப்பேசிக்குச் சம்பளச் சீட்டு வந்தது. அறுபது பங்கின் மதிப்பும் சம்பளத்தோடு சேர்ந்து ஏறியிருந்தது. வேனைக் கழுவிவிட்டு ஈரக் கையோடு வந்த கணவன் அவள் தோளுக்கு மேலே எட்டிப்பார்த்தான்.

"அடேயப்பா! ஒரே மாசத்துக்கா இவ்வளவு?" அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இந்தாம்மா, என்ன ஆனாலும் சரி, இந்த வேலைய மட்டும் விட்டுடாத."

"விட்டாச்சுங்க" என்றாள் அவள். "நேத்தோட முடிஞ்சுபோச்சு."