டைரியில் இல்லாத கூலி

திருத்துறைப்பூண்டி சாலையில் லாரி மோதி அத்தான் இறந்து நாற்பது நாள் கழித்து, அக்காவும் நானும் தஞ்சாவூரில் வக்கீலைப் பார்க்கப் போனோம். இழப்பீட்டு மனுவில் அவருடைய மாத வருமானத்தைக் காட்ட வேண்டும். மூன்று ஏக்கரைக் குத்தகைக்குப் பயிரிட்டவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? ஆனால் டைரிகள் இருந்தன. நான் வேலை பார்க்கும் பத்திரிகை அலுவலகத்தில் எனக்குத் தரும் டைரியை வருடாவருடம் அவரிடம்தான் கொடுப்பேன். உழவு, நாற்று, நடவு, உரம், அறுப்பு மெஷின், குத்தகை நெல் என ஒன்று விடாமல் எழுதியிருந்தார். நெல் விவசாயத்தில் நட்டம் என்று நான் ஒருமுறை எழுதிய செய்திக்கு அந்தப் பக்கங்கள்தான் ஆதாரம்.

வக்கீல் ஒவ்வொரு போகத்தின் கடைசி வரியையும் பார்த்தார்.

"ரொம்ப சுத்தமா எழுதியிருக்காரும்மா. இதைக் குடுத்தா இன்சூரன்ஸ்காரன் எனக்கு மாலையே போடுவான். செத்தவருக்கு வருமானமே இல்லைன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி."

"அப்ப நாங்க எதைத் தின்னோம்?" என்றாள் அக்கா.

"வீட்டுக்கு வெச்ச நெல்லு இதுல இல்லையே?"

"அதைப் போய் யாருங்க எழுதுவா?"

நான் மறுபடி புரட்டினேன். நடவாட்களின் கூலி இருந்தது. அத்தானுக்கு ஒரு ரூபாய்கூட எழுதப்படவில்லை.

"வரப்பு வெட்டினது யாருக்கா?"

"அவருதான்."

"தண்ணி பாய்ச்சினது?"

"அவருதான். மருந்து அடிச்சதும் அவருதான் தம்பி. ஆள் விட்டா கட்டுமா?"

அவள் சொன்ன நாட்களை ஊரில் கொடுக்கும் கூலியால் பெருக்கி ஒரு தாளில் கூட்டினேன். வக்கீலின் முகம் தெளிந்தது. அக்கா அந்தத் தொகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்தவன் வயலுக்குப் போயிருந்தா இவ்வளவும் கைக்கு வந்திருக்குமா?"

"வந்திருக்கும்."

என் செய்தியில் வந்த நட்டக் கணக்கும் தவறு. இந்தத் தொகையை நானும் செலவில் சேர்க்கவில்லை.

"தொழில்னு கேக்குற இடத்துல விவசாயக் கூலின்னு போட்டுடுவோம்," என்றார் வக்கீல். "கூலிக்குன்னு ஒரு ரேட்டு இருக்கு, கோர்ட்டு ஏத்துக்கும். விவசாயின்னு போட்டா கணக்கைக் கொண்டாம்பான்."

அத்தானின் அப்பா அதே மூன்று ஏக்கரில் கூலியாக இருந்தவர். கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்குக் கீழே 'விவசாயி' என்று போட்டே ஆக வேண்டும் என்றார் அத்தான். அச்சகத்தில் அதைப் பிழை பார்த்தவன் நான்.

அக்கா டைரிகளைப் பைக்குள் அடுக்கினாள்.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டாள்.