ஏழாம் எண் செய்தி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மாடி அறையில் நானும் என் கூட்டாளியும் குட்டிக் குட்டி கம்ப்யூட்டர் புரோகிராம்கள் எழுதினோம். நகல் எடுக்க ஒன்று, அழிக்க ஒன்று, பட்டியல் காட்ட ஒன்று. பெயரைத் தட்டி என்டர் அடித்தால் ஓடும். படம் கிடம் எதுவும் கிடையாது. எல்லாம் ஒரே பிளாப்பிக்குள் அடங்க வேண்டும். அதனால் திரையில் வரும் செய்திகளை ஒரே பொதுக் கோப்பில் வரிசையாகப் போட்டு வைத்தோம். புரோகிராமுக்குத் தெரிந்தது எண் மட்டும்தான். ஆறு என்றால் 'எல்லாம் அழிக்கப்பட்டது'. ஏழு என்றால் 'நகல் எடுத்தாயிற்று'.

புதுச் செய்தி என்றால் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். தொண்டை கிழியச் சொல்லியிருந்தேன். கூட்டாளிக்கு அழகுணர்ச்சி அதிகம். புதியதை வரிசையின் நடுவில், ஆறாவதுக்கு மேலே செருகினான். கீழே இருந்ததெல்லாம் ஒரு இடம் இறங்கியது. ஆறு ஏழாகிவிட்டது. மற்ற புரோகிராம்களில் எண்ணை மாற்றியவன், நகல் எடுப்பதில் மட்டும் மறந்துவிட்டான். அந்த பிளாப்பியைத்தான் பக்கத்துத் தெரு போல்ட் கம்பெனி ஸ்டோரில் கொடுத்துவிட்டு வந்தான்.

ஸ்டோரில் வேலை பார்த்த அக்கா பருத்திப்பட்டிலிருந்து வருபவர். அன்று சாயங்காலம் அவர் தங்கைக்குப் பூந்தமல்லியில் நிச்சயம். சரக்குக் கோப்பை நகல் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பு என்றார் மேனேஜர். அக்கா எடுத்தார். எல்லாம் அழிக்கப்பட்டது என்றது திரை.

எங்களுக்கு போன் வந்தது.

"தம்பி, மாசம் முச்சூடும் எண்ணி ஏத்துனதுபா. அல்லாம் பூட்ச்சின்னு சொல்லுது. திரும்ப ஏத்தாம மேனேஜர் உட மாட்டாரு. அங்க தங்கச்சிக்கு பூ வெக்க சொல்ல, நான் இங்க போல்ட்டு எண்ணிகினு இருக்கணுமா?"

சைக்கிளை எடுத்தோம். மிதித்தது நான். தப்பு செய்தவன் கேரியரில்.

"என்கிட்ட காட்ற கோவத்த பெடல்ல காட்டு மச்சான், சீக்கிரம் பூடலாம்" என்றான்.

ஸ்டோரில் அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டியல் காட்டும் புரோகிராமை ஓட்டினேன். கோப்பு அப்படியே இருந்தது. பிளாப்பியில் நகலும் இருந்தது. அக்கா நம்பவில்லை. இரண்டையும் திறந்து, கடைசி வரி வரை தள்ளிப் பார்த்தார்.

"இந்த சேதியெல்லாம் யாரு எழுதனது?"

கூட்டாளி என்னைக் காட்டினான். வெட்கமே இல்லை அவனுக்கு.

"அதான பாத்தேன். வேல ஒயுங்கா முடிஞ்சா எதுக்கு தம்பி பேசணும்? தப்பு ஆனா மட்டும் வாயத் தொறக்கச் சொல்லு" என்று பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அன்றைக்கே நகல் புரோகிராமை ஊமையாக்கினேன்; தப்பு நடந்தால் மட்டும் பேசும். பிளாப்பியில் கொஞ்சம் இடமும் மிச்சமானது.

திங்கட்கிழமை அக்கா நிச்சயதார்த்த லட்டு கொண்டுவந்தார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

"லட்டு எப்டி கீது?" என்று கூட்டாளியிடம் கேட்டார்.

"பேசாம துன்றான் பாருக்கா. நல்லாதான் கீது" என்றான்.