சக்கரம் இல்லாத வண்டிக்குப் பூஜை

புது வண்டி வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுத்துவருவது எங்கள் வழக்கம். காருக்கு நான்கு, மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு. என் பாரமோட்டாருக்கு எத்தனை என்று குருக்களுக்குத் தெரியவில்லை. அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முதுகில் மாட்டிக்கொள்ளும் ஓர் எஞ்சின், அதன் பின்னால் புரொப்பெல்லர், அதைச் சுற்றி வலை கட்டிய ஒரு பெரிய வளையம், அவ்வளவுதான். தலைக்கு மேலே விரிகிற துணிச் சிறகைக் காரிலேயே விட்டிருந்தேன்.

"இதுக்கு டயர் எங்க?"

"இல்ல சாமி. நான்தான் ஓடணும். ஓடுனா தூக்கிடும்."

என் கால்களைப் பார்த்தார். பிறகு என்னை அதை மாட்டிக்கொண்டு நிற்கச் சொல்லி, என் இரண்டு சப்பாத்துக்கும் அடியில் ஒவ்வொரு பழம் வைத்தார். மிதித்தேன். வரிசையில் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் செய்ததுதான் சரி.

என் மனைவி கோயிலுக்கு வந்தாள், வண்டியை மட்டும் தொடவில்லை. அதை வாங்கியதிலிருந்தே அவளுக்குப் பயம். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "ஒரே ஒரு தடவ வந்து பாக்குறேன். மனசுக்கு சரியா படலனா வித்துடுங்க. அப்புறம் பேச்சே கிடையாது."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லை மாற்றும் பழக்கம் எனக்கில்லை என்பதுதான் சிக்கல்.

எனக்குப் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. பம்ப், கம்ப்ரஸர் பராமரிப்பு. நாள் முழுக்கக் கத்துகிற இயந்திரங்களோடு இருந்துவிட்டு, விடுமுறையிலும் கத்துகிற ஒன்றை முதுகில் கட்டிக்கொள்ள மனம் வரவில்லை. என்னோடு பறக்கிறவர்கள் எல்லாரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்தான் வைத்திருக்கிறார்கள். எடை குறைவு, ஆனால் பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டும், கொசு மாதிரி கத்தும். என்னுடையது ஃபோர் ஸ்ட்ரோக். கனம்தான், பள்ளிக்கூடப் பிள்ளையை உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு ஓடுவது போலிருக்கும். ஆனால் நிதானமாகப் பேசும். எனக்குத் தெரிந்த மனிதர்களில் அப்படிப் பேசுகிறவர்கள் குறைவு.

அதற்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. படுக்க வைக்கக் கூடாது. வைத்தால் எஞ்சின் எண்ணெய் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போய்விடும். ஆகவே வளையத்தைக் கழற்றிவிட்டு, எஞ்சினைக் காரின் பின் இருக்கையில் நிமிர்த்தி உட்கார வைத்து, பெல்ட் போட்டுத்தான் கொண்டுபோவேன். மனைவி பார்க்க வந்த அன்று, காஹாங் போகும் வழியெல்லாம் சக்களத்தியைப் பார்ப்பதுபோல் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அதுக்கு பெல்ட் போட்டு விட்டீங்க. எனக்கு போடச் சொல்லவே இல்ல."

"போடு," என்றேன்.

நாங்கள் பறப்பது அங்கே ஒரு செம்பனைத் தோட்டத்துப் பழைய பந்துத் திடலில். அனுமதி வாங்கியிருக்கிறோம். காவலுக்கு இருந்து கேட்டைத் திறந்துவிடும் ஜாகாக்காரருக்கு, இந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் என்னைப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் அனுதாபம்தான்.

வளையத்தை மாட்டி, எல்லாவற்றையும் சரிபார்த்தேன். எண்ணெய், பெட்ரோல், ஒவ்வொரு நட்டு. சுழலும் இயந்திரத்தின் பக்கத்தில் தொங்குகிற பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்பது தொழிற்சாலையில் எனக்கு வேதம். சட்டைப் பையில் பேனா வைத்திருந்ததற்காக ஆட்களைக் கண்டபடி திட்டியிருக்கிறேன். பிறகு சிறகை விரிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மனைவி எஞ்சின் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"என்ன பண்ற?"

"சும்மா பாக்குறேன் லா."

அவ்வளவு கிட்டத்தில் அவள் நின்றது அதுவே முதல் தடவை. பாதி ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்திலேயே மாட்டிக்கொண்டு ஓடினேன்.

மேலே எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கீழே பனைகள், திடலின் ஓரத்தில் குடையோடு அவள். இரண்டாவது சுற்றில் பின்னால் 'டப்'பென்று ஒரு சத்தம். கழுத்தில் ஏதோ ஈரமாகத் தெறித்தது. எஞ்சின் துணி துவைக்கும் மெஷின் மாதிரி ஆட ஆரம்பித்தது. சட்டென்று நிறுத்தினேன். அந்த அமைதியில் எலுமிச்சை வாசம் வந்தது. இந்த எஞ்சினில் எலுமிச்சை வாசம் வரக்கூடிய பாகம் எதுவும் இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

எஞ்சின் நின்றாலும் சிறகு இறக்கிவிடும். கடைசி வரிசைப் பனையைத் தாண்டி, திடலில் வந்து இறங்கினேன். கால் தடுக்கியது. மல்லாக்க விழுந்தால் எண்ணெய் இறங்கிவிடும் என்று நிமிர்ந்தபடியே முழங்காலில் விழுந்தேன். முழங்கால் போனால் போகட்டும்.

அவள் குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "ஏங்க! ஏங்க!" என் முகத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு புரொப்பெல்லரைப் பார்த்தாள். ஒரு நுனி உடைந்திருந்தது. வலையில் அறுந்த நூல், அரைப் பச்சை மிளகாய், ஒரு துண்டு எலுமிச்சைத் தோல். திருஷ்டிக்கு வாசலில் கட்டுவதை வலையில் கட்டியிருக்கிறாள். அந்த வலை கையைத் தடுக்கும், புரொப்பெல்லர் உள்ளே இழுக்கும் பழத்தைத் தடுக்காது.

தொலைந்தது, வண்டியை விற்றாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அவளோ கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பாத்தீங்களா? உங்களுக்கு வர வேண்டியத அந்தப் பழம் வாங்கிக்கிச்சு."

"அப்போ வித்துடணுமா?"

"எதுக்கு? அதான் திருஷ்டி போயிருச்சே."

என்னிடம் பதில் இருந்தது. ஒரே வரி, அதுவும் தொழில்நுட்ப வரி. சொல்லியிருந்தால் எஞ்சின் மேல் குற்றமில்லை என்று நிரூபணமாகியிருக்கும். ஆனால் என் சட்டைக் கையைப் பிடித்த பிடியை அவள் இன்னும் விடவில்லை. அவளை நினைத்தால் பாவமாக இருந்தது. எஞ்சினை நினைத்தாலும்தான். "ஆமா" என்று மட்டும் சொல்லிவிட்டு, வலையிலிருந்து எடுத்த தோலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

புதுப் புரொப்பெல்லர் வந்த பிறகு மறுபடியும் காஹாங் போனோம். இந்த முறை அவளே பெல்ட் போட்டுக்கொண்டாள். திடலில் இறங்கியதும் கைப்பையிலிருந்து நூலில் கோத்த பழத்தையும் மிளகாயையும் எடுத்தாள். எதைச் சொல்லித் தடுப்பது என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே, அவள் என்னைத் தாண்டிப் போய் அதைக் காரின் முன்பக்கத்தில் கட்டினாள்.

"இதுக்கு வேணாமா?" என்று எஞ்சினைக் காட்டிக் கேட்டேன்.

"கார்ல காத்தாடி உள்ளதானே இருக்கு," என்றாள், முடிச்சைப் பார்த்துக்கொண்டே. "அன்னிக்கு உங்க சட்டைய தொவைக்கும்போது பாக்கெட்டுல தோல பாத்தேன். எது ஒடைச்சதுன்னு அப்பதான் புரிஞ்சுது. ஒரு வாரம் தூங்கல."

"பின்ன ஏன் விக்கச் சொல்லல?"

"தப்பு மெஷின் மேல இல்லையே. எப்படிச் சொல்றது?"

நான் வண்டியை மாட்டிக்கொண்டேன். அவள் பின்னால் வந்து நின்று, எனக்குத் தெரியாத அந்தப் பக்கத்தில், வலையை ஒவ்வொரு கண்ணாக விரல் விட்டுப் பார்ப்பது என் தோள் வாரின் அசைவில் தெரிந்தது. நேரமெடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்ல. ஓடுங்க," என்றாள்.

ஓடினேன்.