சுவரில் இருந்த ஆக்ஸிஜன்

போன மாதம் மதுரையில் தங்கையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பெரிதாக ஒன்றுமில்லை, நெஞ்சுச் சளி. தலைமாட்டுச் சுவரில் ஒரு சின்னக் குடுவை. அதில் தண்ணீர் குமிழிவிட்டுக்கொண்டே இருந்தது. ஆக்ஸிஜன் வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். “என்னக்கா, என்னைப் பாக்க வந்தியா, செவுத்தப் பாக்க வந்தியா?” என்றாள் தங்கை. நர்சிங் பாடம் நடத்தியவளுக்குப் பழக்கதோஷம் என்று சொல்லிச் சமாளித்தேன். அது பொய். குமிழி வராத ஒரு குடுவை பல வருஷமாக என் மனதில் கிடக்கிறது.

நான் கொடைக்கானலில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த புதிதில், அங்கே ஹெல்த் சயின்ஸ் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. வரைபடம் போட்டவர் சமவெளிக்காரர். மலையில் மழை எப்படிப் பெய்யும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. தட்டையாக மொட்டைமாடி வைத்துவிட்டார். முதல் மழைக்கே பிள்ளைகள் உடற்கூறு அறையில் வாளியை வைத்துவிட்டுத்தான் பாடம் கேட்டார்கள். பள்ளத்தாக்கு தெரியட்டும் என்று ஆளுயரக் கண்ணாடி வேறு. பள்ளத்தாக்கு தெரிந்த நாட்களைவிட மேகம் அப்பிக்கொண்ட நாட்களே அதிகம்.

இப்படி அவரைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது. தரைத்தளத்து மாதிரி வார்டு என்னுடைய யோசனை. கட்டில், திரை, அழைப்பு மணி, ஜீப் வந்து நிற்கப் போர்ட்டிகோ, ஸ்ட்ரெச்சர் ஏறச் சாய்தளம் எல்லாம் அச்சு அசல் ஆஸ்பத்திரியாக இருந்தால்தான் பிள்ளைகளுக்குக் கை பழகும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் வாதாடினேன். ஆக்ஸிஜன் குழாய் பதிப்பது மட்டும் இப்போதைக்கு நடக்காது என்றார்கள். சரி, வெளியே தெரிகிற மீட்டரையும் குடுவையையுமாவது சுவரில் மாட்டுங்கள் என்றேன். மாட்டினார்கள். பின்னால் ஒன்றும் கிடையாது. யார் விருந்தாளியாக வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன். அத்தனை பெருமை.

புது ரப்பரும் பினாயிலும் கலந்த வாசனை எங்கே அடித்தாலும் எனக்கு அந்த வார்டுதான் ஞாபகம் வரும். முதல் கட்டிலில் ஒரு ரப்பர் பொம்மை, மூக்கில் ஆக்ஸிஜன் டியூபோடு போர்வை போர்த்திப் படுத்திருக்கும். பிள்ளைகள் வைத்த பெயர் மாணிக்கம் மாமா. காலையில் மாமாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுப்பார்கள். நானும் சொல்வதுண்டு.

ஒரு ஆடி மாதக் காலை. பெயர்ப்பலகையைக்கூட மறைத்துவிடுகிற மூடுபனி. காய்கறி ஜீப் ஒன்று போர்ட்டிகோவில் ஆட்களை இறக்கிவிட்டு, லோடு போகும் அவசரத்தில் கிளம்பிவிட்டது. பள்ளங்கி கிராமத்தில் பூண்டு போடுகிற செல்வராசு, இளைப்பில் திணறிய தன் தாயைக் கையில் ஏந்தியபடி நேராக வார்டுக்குள் வந்து இரண்டாவது கட்டிலில் படுக்க வைத்தார்.

இது ஆஸ்பத்திரி இல்லை, காலேஜ் என்றேன். அவர் கட்டில்களைப் பார்த்தார், என் வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். யார் நம்புவார்கள்? பக்கத்துக் கட்டில்காரர் விழித்துவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அந்த ஐயாவுக்கு மூக்குல வச்சிருக்கீங்களே, அதை வெரசா வைங்க நர்சம்மா” என்றார். நான் அவசரத்தில் போர்வையை விலக்கி ரப்பர் கையைக் காட்டினேன். அவர் பொம்மையைப் பார்த்தார், தாயைப் பார்த்தார்.

“பொம்மைக்கு வச்சிருக்கீங்க. எங்க ஆத்தாவுக்கு வைக்க மாட்டீங்களா?”

சுவருக்குள் குழாயே இல்லை என்று எத்தனை தரம் சொல்லியும் பயனில்லை. தானே போய் மீட்டரைத் திருகிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை என்றதும் அவர் பார்வை என் கையிலிருந்த சாவிக் கொத்துக்கு வந்தது. அலமாரிச் சாவிகள் அவை. நான் அந்த அம்மாளைத் தலையணை அடுக்கி நிமிர்த்தி உட்காரவைத்தேன். வாட்ச்மேன் டாக்ஸிக்கு ஓடினார். பனியில் டாக்ஸி ஊர்ந்து வந்தது. நானும் ஏறிக்கொண்டேன். வழி நெடுக அந்த அம்மாளின் கை என் கையில் இருந்தது. மகன் கண் சாவிக் கொத்தில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அன்று சாயங்காலமே அந்த அம்மாள் இறந்துவிட்டார். நுரையீரல் முன்பே கெட்டிருந்தது, சீக்கிரம் வந்திருந்தாலும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். அதைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பார்த்தேன், முடியவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் செல்வராசு பூண்டுக் குவியலோடு உட்கார்ந்திருந்தார். நான் மறுபடி விளக்கத் தொடங்கினேன். அவர் சிரித்த முகமாகவே தடுத்தார்.

“விடுங்க டீச்சர். உங்களுக்கு மேல ஆளுக இருப்பாங்க, தெறக்கக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க. உங்க மேல வருத்தமில்ல.”

ஒரு கை பூண்டு கூடவே அள்ளிப் போட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் செய்யாத ஒன்றுக்கு மன்னித்துவிட்டார். செய்ததைப் பற்றி அவருக்குத் தெரியவே தெரியாது. ஒரு நாள் கூட்டிவந்து, சுவரிலிருந்து அந்தக் குடுவையைக் கழற்றி வெறும் சிமெண்டைக் காட்டிவிட வேண்டும் என்று நினைப்பேன். அப்புறம் பரீட்சை வரும், ஆய்வுக் குழு வரும். தன் தாயை ஒரு போலிக் குடுவையின் அடியில் கிடத்தியிருந்தோம் என்று தெரிந்தால் அவருக்கு இன்னும் வலிக்குமோ என்றும் தோன்றும். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

நான் ஓய்வுபெறும் சமயம் வார்டைக் கலைத்துக் கம்ப்யூட்டர் அறை ஆக்கினார்கள். மீட்டரைப் பிடுங்கிய இடத்தில் திருகாணி ஓட்டைகளும் ஒரு பல்லி முட்டையும்தான் இருந்தன. பதறிப்போய்ச் செல்வராசுவைக் கூட்டிவரப் பள்ளங்கிக்கு ஆள் அனுப்பினேன். பூண்டு ஏற்றிக்கொண்டு கீழே போயிருக்கிறார், நாளைக்கு வருவார் என்று பதில் வந்தது. பெயிண்டர் நாளை வரை காத்திருக்கவில்லை.

மறுநாள் வெள்ளனே வந்துவிட்டார். கட்டில்கள் இல்லை, மாணிக்கம் மாமா இல்லை. பளீரென்று ஒரு வெள்ளைச் சுவர். என்ன சோலியாக வரச் சொன்னேன் என்று கேட்டார். நான் மீட்டர் இருந்த இடத்தைக் காட்டினேன். அவர் அந்தச் சுவரைப் பார்த்தார்.

“எடுத்துட்டீங்களா? நல்லதாப் போச்சு டீச்சர். வேற ஆஸ்பத்திரியில மாட்டுனா யாருக்காச்சும் ஒதவும்.”

ஆமாம் என்று தலையாட்டினேன்.